பகடி அவர்களுக்கு, வதை நம் பிள்ளைக்கு!



2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஜூன் 1-ம் தேதி செர்டாங் மருத்துவமனைக்கு ஒரு மாணவனைக் கொண்டு வந்தார்கள். உயிர் போய்விட்டது என்றார் மருத்துவர். பெயர் சுல்பர்ஹான் ஒஸ்மான். வயது 21. மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் கடற்படைப் பயிற்சி மாணவன். லேப்டாப் திருடினான் என்று பழி சுமத்தி, கூடப் படித்தவர்களே விடுதி அறையில் அவனை இஸ்திரிப் பெட்டியால் சுட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் தீக்காயம். எண்ணிப் பார்த்ததில் 90.

அதற்குச் சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஜூன் 15-ம் தேதி, நம் பினாங்கு மருத்துவமனையில் நவீன் இறந்தான். வயது 18. கெலுகோர் பையன். கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை. நம் ஊர் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கும் அதே கெலுகோர் வட்டாரத்தில்தான் ஒரு கும்பல் அவனை அடித்துப் போட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவனைப் பெண் பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று கேலி செய்து வந்ததாகக் குடும்பத்தார் அப்போது கதறினார்கள். 2023 அக்டோபரில் பினாங்கு உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. வழக்கு அதற்கு மேலும் போனது. தீர்ப்பைப் பற்றி நாம் பேசவில்லை. ஆனால் அந்தத் தாய் அன்று நீதிமன்றப் படியில் இறங்கும்போது அவளுக்குக் கிடைத்த பதில் என்ன? பிள்ளை செத்தது உண்மை, அடி பட்டது உண்மை, அடித்தது யார் என்று மட்டும் தெரியாது!

ஒருவன் மலாய்க்காரன், இன்னொருவன் தமிழன். இன உரிமை பேசும் ஏட்டில் இரண்டையும் ஏன் சேர்த்து எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். காரணம் இருக்கிறது.

நாற்பது ஐம்பது வருடமாக நம் சமுதாயம் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறது. எத்தனை இடம்? மெட்ரிகுலேஷனில் எத்தனை இடம், மருத்துவத்தில் எத்தனை இடம், போன வருடம் எத்தனை, இந்த வருடம் ஏன் குறைந்தது? கேட்க வேண்டிய கேள்விதான், அதை விடவும் கூடாது. தேர்தல் வந்தால் மாண்புமிகுகள் மேடை ஏறி "இத்தனை இடம் வாங்கிக் கொடுத்தோம்" என்று மார் தட்டுவதும், மாலை போடுவதும், பத்திரிகையில் படம் வருவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளை உள்ளே எப்படி இருக்கிறது என்று எந்த மாண்புமிகுவாவது கேட்டதுண்டா? நாம்தான் கேட்டோமா? இடம் வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இடம் கிடைத்தால் போதாது. உள்ளே போன பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும், மரியாதை வேண்டும். அதுவும் உரிமைதான். அந்த உரிமையைப் பறிப்பவன் எப்போதும் வேற்று இனத்தானாகத்தான் இருப்பான் என்று நினைத்தால் நாம் ஏமாந்து போவோம்.

சுல்பர்ஹான் கதைக்குத் திரும்புவோம். அவனைச் சுட்டது மே 22-ம் தேதி விடியற்காலை. இறந்தது ஜூன் 1. நடுவில் பத்து நாள்! உடம்பு முழுக்கத் தீக்காயத்தோடு ஒரு மாணவன் பத்து நாள் இருந்திருக்கிறான். ஒரு வார்டன் கண்ணிலும் படவில்லையா? வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையா? பெற்றோருக்கு ஒரு போன்கூட இல்லையா? குற்றம் சாட்டப்பட்ட மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021-ல் ஆறு பேருக்கு 18 வருடச் சிறை. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று சொல்லி மரண தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி 18 வருடம் என்று முடித்தது. எட்டு வருடம் அந்தப் பெற்றோர் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். பார்த்தும் பார்க்காமல் இருந்த நிர்வாகத்துக்கு என்ன தண்டனை?

இதோடு முடிந்ததா? இல்லை. 2024 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு ஜூனியர் மாணவன் நெஞ்சில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தான் ஒரு சீனியர். அதே வளாகம், அதே இஸ்திரிப் பெட்டி! நடுவில் ஒரு மரணம், ஏழு வருட வழக்கு, எத்தனையோ தலைப்புச் செய்தி. ஒன்றும் அந்த விடுதிக் கதவுக்குள் போய்ச் சேரவில்லை.

நம் பிள்ளை ஒருவன் கதையும் இருக்கிறது. சூசைமாணிக்கம். 27 வயது. 2018 மே மாதம் லூமுட் கடற்படைத் தளத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்தான். சேர்ந்த சில நாட்களிலேயே பிணமாக வீட்டுக்கு வந்தான். அது பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் சீனியர், ஜூனியர், பயிற்சி, கட்டளை எல்லாம் அதே மண்ணில் முளைத்த செடிகள். அவனைப் பெற்றவர்கள் விடவில்லை. மரண விசாரணை, மறு ஆய்வு என்று ஏழு வருடம் அலைந்தார்கள். 2025-ல்தான் ஈப்போ உயர் நீதிமன்றம் அது கொலைச்சாவு என்று சொன்னது. ஏழு வருடம் அலையத் தெம்பும் துணையும் இருந்த குடும்பத்துக்கே அவ்வளவு காலம். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நம் வீட்டு அப்பாவால் முடியுமா?

பகடிவதை என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பொருத்தமான சொல்! முன்பாதி பகடி, பின்பாதி வதை. செய்கிறவனுக்கு முன்பாதி மட்டும்தான் கண்ணில் படும். "சும்மா விளையாட்டுக்குண்ணே" என்பான். அனுபவிக்கிறவனுக்குப் பின்பாதி மட்டும்தான்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. இதை எழுதுபவன் பிறையில் ஒரு லோரி டிரைவரின் மகன். 1990-களில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எது என்பது இங்கே முக்கியமில்லை, அப்போது எல்லா இடத்திலும் அதே கதைதான். சேர்ந்த மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். "இந்தியன் ஜூனியர் எல்லாம் கீழ வாங்க." கீழே போனால், தட்டியவர்கள் அத்தனை பேரும் நம்மவர்கள். மலாய்க்காரன் இல்லை, சீனன் இல்லை. நம்ம அண்ணன்மார்கள்!

இருபது முப்பது சீனியர் பெயர், ஊர், படிக்கும் பாடம், எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். தப்பினால் கெத்துக் கெத்தாம்பி. நூறு, இருநூறு, கால் நடுங்கும் வரைக்கும். "ஒற்றுமைக்காகத்தான் தம்பி, நாம கொஞ்சப் பேருதானே இருக்கோம், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கணும்" என்று விளக்கம் வேறு. அந்தக் கூட்டத்தில் கெடா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். பால்மரம் வெட்டுகிறார் என்றான். "அப்படியா, எப்படி வெட்டுவாருன்னு செஞ்சு காட்டு" என்றார்கள். அங்கே இருந்த ஒரு தூணைக் காட்டினார்கள். அவன் குனிந்து, கையில் உளி இருப்பது போல வைத்து, மரத்தைச் சுற்றி நடப்பது போல அந்தத் தூணைச் சுற்றி நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்தது என் அப்பாவின் லோரி என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அந்தப் பையன் கட்டில் காலி. வீட்டுக்குப் போய்விட்டான், திரும்பி வரவில்லை. ஏன் போனான் என்று ஒரு விரிவுரையாளரும் கேட்கவில்லை, ஒரு பாரத்திலும் எழுதவில்லை. "சொந்தக் காரணம்." அவ்வளவுதான். இடம் எத்தனை என்று கணக்குப் போடும் நம் தலைவர்கள் இந்தக் காலிக் கட்டிலை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

அந்த வாரமே பொதுத் தொலைபேசியில் சில்லறையைப் போட்டு அப்பாவிடம் பேசினேன். "எனக்கு இங்க பிடிக்கலப்பா." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பொறுத்துக்கய்யா. மூணு நாலு வருசம்தானே. பெரிய இடம், நம்ம வாயைத் திறந்தா அனுப்பிச்சிருவாங்க." தப்பு அவர் மேல் இல்லை. வாழ்நாள் முழுக்க முதலாளி முன்னால், கங்காணி முன்னால், கவுண்டர் கிளார்க் முன்னால் பொறுத்துப் பொறுத்துத்தான் எங்களை வளர்த்தார். தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எனக்கும் கொடுத்தார்.

அடுத்த வருடம் நான் சீனியர். நான் கதவைத் தட்டினேனா? தட்டினேன். இதை எழுத இத்தனை வருடம் ஆனது.

நம்மவர்களே நம்மவர்களைச் செய்வது மலேசியாவில் மட்டும் நடப்பதில்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் 1997-ல் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன், முதலாம் ஆண்டு, சீனியர்கள் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த உடற்பயிற்சியில் சிறுநீரகம் செயலிழந்து செத்தான். யோசித்துப் பாருங்கள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சிங்கள மாவட்டங்களைத் தாண்டிப் பிள்ளையை அனுப்பும்போது அந்தப் பெற்றோர் எதற்கெல்லாம் பயந்திருப்பார்கள்? சோதனைச் சாவடிக்குப் பயந்திருப்பார்கள், ராணுவத்துக்குப் பயந்திருப்பார்கள். கடைசியில் பிள்ளையைக் கொண்டு போனது தோப்புக்கரணம் மாதிரி ஒரு விளையாட்டு! அந்த வழக்கில் பெயர் வந்த சீனியரும் தமிழன்தான். அந்தச் சாவுக்குப் பிறகுதான் இலங்கை நாடாளுமன்றம் 1998-ல் பகிடிவதைத் தடைச் சட்டம் கொண்டு வந்தது.

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வருடம் முன்னால், 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவன் நாவரசு. சீனியர் ஒருவனால் கொடூரமாகக் கொல்லப்பட்டான். அவன் அப்பா சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். துணைவேந்தர் மகனுக்கே அந்தக் கதி! அடுத்த வருடமே தமிழக அரசு ராகிங் தடைச் சட்டம் போட்டது. ஆனால் வழக்கோ, 1998-ல் ஆயுள் தண்டனை, 2001-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஆயுள் தண்டனை. பதினைந்து வருடம்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. இந்தியாவில் 2009-லேயே பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதி கொண்டு வந்தது. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குப் போக வேண்டும். சேரும்போதே மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் 2024 பிப்ரவரியில் கேரளாவின் வயநாடு கால்நடைக் கல்லூரியில் ஒரு மாணவன், சக மாணவர்கள் நாள்கணக்கில் அடித்துக் கொடுமைப்படுத்திய பிறகு, விடுதியில் பிணமாகக் கிடந்தான். ஆனாலும் அந்த 24 மணி நேர விதியைக் கவனியுங்கள். அதன் அர்த்தம், புகாரை உள்ளேயே வைத்துச் சமைக்காதே, வெளியே அனுப்பு என்பது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

ஏன் என்றால் இங்கே நடப்பது என்ன? பிள்ளை வார்டனிடம் சொல்லும். வார்டன் மாணவர் விவகாரத் துறைக்கு அனுப்புவார். அங்கே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்கள் எல்லாம் சகோதரர்கள்" என்று கை குலுக்க வைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் நல்ல பெயர் காப்பாற்றப்பட்டது! அன்று இரவு அதே மாடியில், அதே படிக்கட்டில் அந்தப் பிள்ளை அவர்களைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும்.

கத்தியும் இஸ்திரிப் பெட்டியும் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2022 மே மாதம், நமக்குப் பக்கத்து மாநிலமான கெடாவில், சிந்தோக் வட மலேசியப் பல்கலைக்கழக விடுதி அறையில் வினோசினி என்ற 20 வயதுத் தமிழ் மாணவி இறந்து கிடந்தாள். மின்சாரம் தாக்கியதாகச் சந்தேகம் என்றது போலீஸ். கூடப் படித்த மாணவர்கள் எல்லா இனத்தவரும் சேர்ந்து கேள்வி எழுப்பினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். பிள்ளையைக் கணக்காளராகப் பார்க்க நினைத்த வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? ஒரு சவப்பெட்டி. விடுதியில் ஒயரிங் எப்போது பார்த்தீர்கள், யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. வாடகை வீட்டுக்குப் போனால் பைப்பில் தண்ணீர் வருகிறதா, சுவிட்ச் வேலை செய்கிறதா என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும் நாம், பிள்ளையின் விடுதி அறையில் மட்டும் ஏன் பயபக்தியோடு நிற்கிறோம்?

மரியாதை என்று ஒன்று சொன்னோமே, அதற்கும் வருவோம். 2016 ஜூனில் ஜொகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நாகரிகப் பாடம் ஒன்றில் என்ன காட்டினார்கள் தெரியுமா? இந்துக்கள் உடம்பில் அழுக்கு இருப்பதையே முக்தி அடையும் வழியாக நினைக்கிறார்கள் என்று! சீக்கியர்களையும் விடவில்லை. விஷயம் வெளியே வந்து நாடே கொதித்த பிறகுதான் தப்பு என்று ஒப்புக்கொண்டு பாடத்தைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பரீட்சையில் மதிப்பெண் வேண்டுமென்றால் தன் பாட்டியை அழுக்கு என்று எழுத வேண்டும்! யாரோ ஒருவர் துணிந்து வெளியே போட்டதால்தான் தெரிந்தது. யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் அந்தக் கைக்கு நன்றி.

இங்கேதான் நம் பெற்றோரின் பழைய பயத்தைப் பேச வேண்டும். "வாயைத் திறந்தால் அனுப்பிவிடுவார்கள்." இந்தப் பயம் காற்றிலிருந்து வரவில்லை. 1971-ம் ஆண்டு பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், நாம் 'ஆவுக்கு' என்று சொல்வது, மாணவர்களின் வாயைக் கட்டியது உண்மை. ஆனால் காலம் மாறியிருக்கிறது. 2011-ல் நான்கு மாணவர்கள், யுகேஎம் நால்வர் என்பார்களே, வழக்குப் போட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மாணவர் அரசியல் பேசக்கூடாது என்ற பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, வளாகத்துக்குள்ளேயே அரசியல் பேசலாம் என்று விட்டது. அரசியலே பேசலாம் என்றால், என்னை அடிக்கிறார்கள் என்று சொல்லக்கூடாதா?

சட்டம் இப்போது நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டைச் சொல்கிறோம்.

முதலாவது, ஈஷா என்கிற ராஜேஸ்வரியை நினைவிருக்கிறதா? இணையத்தில் விடாமல் இழிவுபடுத்தப்பட்டு 2024 ஜூலையில் உயிரை விட்ட நம் பெண். அவளைத் தொல்லை செய்த ஒருத்திக்கு நீதிமன்றம் போட்ட அபராதம் எவ்வளவு? நூறு வெள்ளி! தப்பான இடத்தில் காரை நிறுத்தினால் கட்டுகிற அபராதத்துக்கும் ஒரு உயிருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. நாடு கொந்தளித்த பிறகுதான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலை 11 முதல் அமலில் இருக்கிறது. மிரட்டுவது, இழிவாகப் பேசி மனத்தை நோகடிப்பது, ஒருவருடைய சொந்த விவரத்தை வெளியே போட்டுத் தொல்லை செய்வது எல்லாம் இப்போது குற்றம். மூன்று வருடம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குத் தள்ளினால் பத்து வருடம் வரை. பல்கலைக்கழக வாசலில் இந்தச் சட்டம் நின்றுவிடாது. விடுதி அறைக்குள்ளும் வரும், வாட்ஸ்அப் குழுவுக்குள்ளும் வரும். தூணைச் சுற்றி நடக்க வைத்தவர்களுக்கும், சிரித்த எங்களுக்கும் அன்றைக்கு இது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இரண்டாவது, 2022-ம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இதை நன்றாகக் கேளுங்கள். விரிவுரையாளரோ சீனியரோ, பையனோ பெண்ணோ, யார் தொல்லை கொடுத்தாலும் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 மார்ச்சிலிருந்து அது இயங்குகிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். இரண்டரை லட்சம் வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுத்தால் பெண் பெயர் கெட்டுவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கெட வேண்டியது யார் பெயர்?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23-ம் தேதி இரவு வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் பயந்து ஒதுங்கவில்லை, புகார் கொடுத்தாள். அவளுடைய விவரம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. அந்தக் கசிவுக்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 ஜூன் 2-ம் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்று தீர்ப்பு. ஐந்தே மாதம். நாவரசுக்குப் பதினைந்து வருடம் எடுத்த அதே தமிழ்நாட்டில். அவள் புகார் உள்ளே ஒரு மேசை இழுப்பில் தூங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

நம் பினாங்குக்கு வருவோம். 1969-ல் தொடங்கி, வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த மிண்டனில் குடியேறிய யுஎஸ்எம் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். கெலுகோர் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த வாசலைக் காட்டி "நீயும் ஒருநாள் அங்க போகணும்" என்று பிள்ளைக்குச் சொல்லாத தமிழ்த் தாய் இந்த ஊரில் உண்டா? அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் நாம் குற்றம் சுமத்தவில்லை. அங்கே பெண்கள் ஆய்வுக்கென்று தனி மையமே இருக்கிறது, நல்ல பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிந்தோக்கில் நடந்தது, தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் நடந்தது எல்லாம் நடப்பதற்கு முந்தின நாள்வரை அந்த இடங்களும் நல்ல இடங்கள்தான். யுஎஸ்எம்மோ, பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கோ, தனியார் கல்லூரியோ, எதுவாக இருந்தாலும் நாம் கேட்பது ஒன்றுதான். புகார் வந்தால் வளாகத்துக்கு வெளியே போக வேண்டும், பெற்றோருக்கு அன்றே தெரிய வேண்டும், புகார் கொடுத்த பிள்ளையை இடம் மாற்றாமல் புகாருக்கு ஆளானவனை இடம் மாற்ற வேண்டும்.

மாணவர் சங்கங்களில் இருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழா நடத்துகிறீர்கள், தீபாவளி இரவு நடத்துகிறீர்கள், மேடையில் ஒற்றுமை பேசுகிறீர்கள். நல்லது. கதவைத் தட்டும் அந்த இரவை மட்டும் நிறுத்துங்கள். ஜூனியரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பகலில் கூப்பிட்டு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது "சாப்பிட்டியா, காசு இருக்கா" என்பதோடு நிறுத்தாதீர்கள். யாரோடு தங்கியிருக்கிறாய், ராத்திரி யாராவது கூப்பிடுகிறார்களா, உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லாமல் இழுத்தால் அடுத்த பஸ் ஏறுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, பிறகு போலீஸ் நிலையம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் எழுதலாம், சம்பவம் நடந்த ஊர்தான் என்று இல்லை. வளாகக் காவலர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது போலீஸ் புகார் ஆகாது, அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். புகார் நகலைக் கையில் வாங்குங்கள். போனில் வந்த வசவு, மிரட்டல் எதையும் பிள்ளை அழிக்காமல் இருக்கட்டும். மலாய் மொழியில் எழுதத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். 15999 என்ற தாலியான் காசே எண் இரவும் பகலும் எடுக்கும். ஜார்ஜ்டவுனில் 1985-லிருந்து இயங்கும் மாற்றத்துக்கான பெண்கள் மையம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாக வழி சொல்கிறது.

அடுத்த சேர்க்கைக்குப் பதிவு நாள் வரும். பெட்டி, தலையணை, வாளி எல்லாம் வாங்கிக்கொண்டு, வாடகை வேனில் குடும்பமே போய் மண்டபத்தில் உட்காருவோம். மேடையில் அதிகாரி பேசி முடித்துவிட்டு "பெற்றோருக்குக் கேள்வி உண்டா?" என்று கேட்பார். எப்போதும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். இந்த முறை ஒருவராவது எழுந்து நில்லுங்கள். என் பிள்ளைக்கு ஏதாவது என்றால் எத்தனை மணி நேரத்தில் எனக்குச் சொல்வீர்கள், போலீசுக்கு எப்போது போவீர்கள், விடுதி ஒயரிங்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கட்டண ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.